டிராவல் டிரெய்லரின் வெளிப்புறம்: கழுவி மெழுகிட்ட பின்னும் தீராத கோளாறுகளுக்கு அறிகுறிவாரியான வழிமுறை

கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகும் பூசி முடித்த டிராவல் டிரெய்லரில் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டில்) அடுத்த மழைக்கே கறுப்புக் கோடுகள் இறங்கிவிடுகின்றன. சில வாரங்களில் சுவர் மங்குகிறது. தண்ணீர் முத்தாக உருண்டு ஓடாமல் பரவி நிற்கிறது. இத்தகைய கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது: கறை கண்ணுக்குத் தெரியும் இடமும் அது பிறக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. சுவரைத் தேய்ப்பதற்கு முன் கூரையையும், கூரையின் விளிம்பையும், ஜன்னல் சட்டங்களைச் சுற்றியுள்ள சீலண்டையும் (இடுக்குகளில் நீர் புகாமல் அடைக்கும் பசையையும்) பார்ப்பவருக்கு வேலை பாதியாகக் குறைகிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியுள்ளேன். முதல் காரணத்தைச் சோதித்து விலக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

## தொடங்கும் முன்: எந்தப் பரப்பு என்று அறிதல்

வெளிச்சுவர்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஃபைபர்கிளாஸின் மேல் ஜெல்கோட் என்னும் நிறமேற்றிய ரெசின் பூச்சு மட்டும் கொண்டவை ஒரு வகை. அதற்கும் மேல் வண்ணமும் நிறமற்ற கிளியர்கோட்டும் அடிக்கப்பட்டவை இன்னொரு வகை. வண்ணம் பூசிய நெளி அலுமினியத் தகடுகள் மூன்றாம் வகை. நெளிவுகளைப் பார்த்த உடனே அலுமினியத்தை அடையாளம் காணலாம். மற்ற இரண்டையும் பிரித்தறிய, சுவரின் நிறத்துக்கு மாறான நிறமுள்ள துணியில் துளி பாலிஷ் எடுத்து மறைவான ஒரு மூலையில் தேய்க்க வேண்டும். சுவரின் நிறம் துணியில் ஏறினால் மேலே கிளியர்கோட் இல்லை. துணி சுத்தமாகவே இருந்தால் கிளியர்கோட் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கூரையின் வகையையும் அறிந்துகொள்வது அவசியம். இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விரிப்பு, டி.பி.ஓ. அல்லது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் விரிப்பு, ஃபைபர்கிளாஸ், அலுமினியம் ஆகியவற்றுள் ஒன்றாக அது இருக்கும். இ.பி.டி.எம். விரிப்பின் மேற்புறம் வெள்ளையாக இருந்தாலும் அடிப்புறம் கறுப்பாக இருக்கும். கூரை வென்ட்டின் (காற்றுத் திறப்பின்) உட்சட்டத்தைக் கழற்றினால் தெரியும் வெட்டு விளிம்பில் இதைக் காணலாம். தயாரிப்பாளரின் கையேடு கையில் இருந்தால் அதைப் பார்ப்பதே எளிது. அந்தக் கையேடு கூரையில் ஏறி நடக்க அனுமதிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் ஏணியில் நின்று நீளக் கைப்பிடிப் பிரஷால் மட்டுமே கழுவ வேண்டும். ஈர ரப்பர் கூரை மிகவும் வழுக்கும் என்பதால், நடக்கத்தக்க கூரையிலும் விளிம்பை ஒட்டிக் கால் வைக்காதீர்கள்.

எந்த வேலையாக இருந்தாலும் நிழலில், கையை வைத்தால் சுடாத பரப்பில் செய்யுங்கள். வெளி மின்இணைப்பைத் துண்டித்து, ஜன்னல்களையும் கூரை வென்ட்களையும் மூடி, குளிர்பதனப் பெட்டி, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றின் வெளித் துவாரங்களை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 1: கழுவிய சில நாட்களிலேயே கறுப்புக் கோடுகள் திரும்பி வருகின்றன

முதலில் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இந்த ஒரு கவனிப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

### கோடு கூரை விளிம்பிலிருந்தே தொடங்கினால்

சுவரை மட்டும் கழுவிவிட்டுக் கூரையை விட்டுவிட்டதே மிகப் பொதுவான காரணம். நனைத்த வெள்ளைத் துணியால் கூரையின் விளிம்பை ஒரு முறை துடையுங்கள். துணி கறுத்தாலோ சாம்பல் நிறமானாலோ, அந்த அழுக்குதான் ஒவ்வொரு பனியிலும் மழையிலும் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கூரையைக் கழுவுவதற்கு முன்பாகவே சுவர்களை நன்றாக நனைத்துவிட்டு, கூரைவேலை முடியும் வரை அவற்றை உலரவிடாமல் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த சுவரில் இறங்கும் கூரை அழுக்கு அங்கேயே பிடித்துக்கொண்டு, பிறகு இரண்டு மடங்கு உழைப்பைக் கேட்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கூரையைக் கழுவினால் இந்த வகைக் கோடுகள் பெருமளவு குறைந்துவிடும்.

ரப்பர் கூரைக்குப் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த கிளீனரையோ, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய் அடிப்படையிலான கிளீனரையோ பயன்படுத்தக் கூடாது. அவை இ.பி.டி.எம். விரிப்பை உப்பவைத்துப் பசையிலிருந்து பிரித்துவிடும். மிதமான சோப்புக் கரைசலும் நடுத்தர மென்மையுள்ள பிரஷும் போதும். ரப்பர் கூரைக்கு மெழுகும் தேவையில்லை.

### கோடு கூரைக் கால்வாயின் நுனியிலிருந்து மட்டும் தொடங்கினால்

மழைநீர் வடியும் கால்வாயின் நுனி மிகக் குட்டையாக இருந்து, தண்ணீர் சுவரை ஒட்டியே வழிகிறது என்று பொருள். ஒரு குவளைத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றி, அது சுவரை விட்டு விலகி விழுகிறதா, சுவரைத் தழுவி இறங்குகிறதா என்று கவனியுங்கள். தழுவி இறங்கினால் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் நீட்டிப்பை வாங்கிப் பொருத்தலாம். செலவு மிகச் சிறியது, பலன் பெரிது. கால்வாயில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் தண்ணீர் இடையிலேயே நிரம்பி வழியும் என்பதால், நீட்டிப்பை வாங்குவதற்கு முன் அதைச் சுத்தம் செய்து பாருங்கள்.

### கோடு ஜன்னல், விளக்கு, மூலைச்சட்டம் ஆகியவற்றின் அடியிலிருந்து தொடங்கினால்

சட்டத்தின் மேற்புறத்தில் தங்கும் தூசி எளிய காரணம். பழைய பிரஷ்ஷால் அந்த இடுக்கைக் கழுவினால் போய்விடும். அப்படியும் திரும்பி வந்தால், சீலண்ட் முதுமையடைந்து தூசியைப் பிடித்துவைத்து வழியவிட்டுக்கொண்டிருக்கிறது. நகத்தால் அழுத்திப் பார்க்கையில் சீலண்ட் மென்மையாக அமுங்கி மீண்டால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. விரிசலிட்டோ, தூளாக உதிர்ந்தோ, விளிம்பு பிரிந்தோ இருந்தால் பழையதை முழுவதும் அகற்றிவிட்டுப் புதியது பூச வேண்டும். பழைய சீலண்டின் மேலேயே புதியதைப் பூசுவது நீடிக்காது. சட்டத்தின் உள்ளே நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவே வற்றியிருந்தால், ஜன்னலைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். அதில் பழக்கமில்லாதவர் தொழில்முறைப் பணியாளரிடம் விடுவதே நல்லது.

### ஏற்கெனவே படிந்த கோடுகளை நீக்குதல்

முதலில் வாகன ஷாம்பூ. அது போதாதபோது கறுப்புக் கோட்டுக்கென்றே விற்கும் கிளீனர். பின்னதைச் சிறு பகுதியில் தெளித்து, காயவிடாமல் துடைத்து, ஏராளமான தண்ணீரால் அலச வேண்டும். அது கறையோடு மெழுகையும் எடுத்துவிடும் என்பதால், அந்தப் பட்டைக்கு மட்டுமாவது அன்றே மறுபடி மெழுகிடுங்கள். மெழுகற்ற பட்டைதான் அடுத்த கோட்டை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிடிக்கும். மெலமைன் பஞ்சைப் பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அது மிக நுண்ணிய உப்புத்தாள் போலத் தேய்த்து எடுப்பது ஆதலால், கிளியர்கோட்டிலும் ஸ்டிக்கர்களிலும் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

## அறிகுறி 2: கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது, சுவர் மங்கித் தெரிகிறது

உலர்ந்த கருநிறத் துணியை விரலில் சுற்றி, சுவரின் நடுப்பகுதியில் ஓர் அடி நீளத்துக்கு அழுத்தி இழுங்கள். துணியில் வெள்ளைத் தடம் விழுகிறதா என்பதோடு, எந்தெந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம்.

### பொடி கூரைக்கு அடியில் பட்டைபட்டையாக மட்டும் இருந்தால்

அது சுவரின் பொடி அன்று. ரப்பர் கூரை வெயிலில் உதிர்க்கும் பொடி தண்ணீரோடு இறங்கியிருக்கிறது. சுவருக்குப் பாலிஷ் போட்டு எந்தப் பயனும் இல்லை. கூரையைக் கழுவிவிட்டு மறுபடி சோதியுங்கள். கழுவிய பிறகும் கூரை ஓயாமல் உதிர்ந்தால், அந்தக் கூரை வகைக்கென்றே உள்ள பூச்சைப் பூசலாம். வெள்ளை மேலடுக்கு தேய்ந்து கீழே கறுப்பு தெரியத் தொடங்கியிருந்தால் தொழில்முறைக் கூரைப் பணியாளரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

### பொடி வெயில் படும் பக்கம் முழுவதும் இருந்தால்

இது ஜெல்கோட்டின் ஆக்சிஜனேற்றம். இங்கேதான் பலர் நேராக மெழுகைப் பூசிவிடுகிறார்கள். பொடியின் மேல் பூசிய மெழுகு இரண்டொரு வாரம் மினுங்கிவிட்டு, பொடியோடு சேர்ந்தே கழன்றுவிடும்.

கழுவி முடித்த ஈரச் சுவரைக் கூர்ந்து பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பளபளத்து, காயும்போது ஓரங்களிலிருந்து உள்நோக்கி மங்கல் படருமானால், ஜெல்கோட் மீட்கத்தக்க நிலையில் இருக்கிறது. ஈரத்திலும் பொலிவே இல்லாமல், இழைகளின் பின்னல் தெரிந்தாலோ, கண்ணாடி விரிசல் போன்ற மெல்லிய கீறல்கள் பரவியிருந்தாலோ ஜெல்கோட் தேய்ந்து முடிந்துவிட்டது. அதற்குப் பாலிஷ் மருந்தாகாது. வண்ணம் அடிப்பதுதான் வழி, அது பட்டறை வேலை.

மீட்கத்தக்க சுவரில், ஐம்பது சென்டிமீட்டர் சதுரத்தை நாடாவால் வளைத்து அதற்குள் மட்டும் சோதனை செய்யுங்கள். முதலில் கிளீனர் கலந்த மெழுகைக் கையால் தேய்த்துப் பாருங்கள். போதவில்லையென்றால் மெல்லிய பாலிஷ். அதுவும் போதவில்லையென்றால் காம்பவுண்டும் (பாலிஷைவிட வலுவாகத் தேய்த்தெடுக்கும் பசை), அதைத் தொடர்ந்து பாலிஷும். எந்தப் படியில் துணியில் வெள்ளைத் தடம் விழுவது நிற்கிறதோ அந்தப் படியோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் நல்ல ஜெல்கோட்டை வீணாக இழப்பதே. பாலிஷில் உள்ள எண்ணெய் மங்கலை மறைத்துப் பொய்ப் பளபளப்புக் காட்டக்கூடும் ஆதலால், சரிபாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அந்தச் சதுரத்தைத் துடைத்துவிட்டு உண்மையான நிலையைப் பார்க்க வேண்டும். அக்ரிலிக் ஜன்னல்களில் ஆல்கஹாலோ அம்மோனியாவோ ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் நுண்ணிய விரிசல்கள் விழும். அந்த ஜன்னல்களை முன்கூட்டியே மூடிவிடுங்கள்.

முழு டிரெய்லருக்குக் கையால் காம்பவுண்ட் போடுவது நடக்காத காரியம், இயந்திரம் வேண்டும். சுழற்சியோடு அதிர்வும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் பஃபர் பழகாதவர் கைக்கும் பாதுகாப்பானது. ஒரே திசையில் சுழலும் ரோட்டரி பஃபர் வேகமாக வேலை முடித்தாலும், ஒரே இடத்தில் நின்றால் பரப்பைச் சுட்டுவிடும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் நொடிகளில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடும். வார்ப்பில் செய்த ஃபைபர்கிளாஸில் ஜெல்கோட் ஓரளவு தடிப்பாக இருக்கும். தகடாக ஒட்டிய சுவர்களில் அது அதைவிட மெலிது. எனவே தகட்டுச் சுவர்களில் ஒவ்வோர் ஆண்டும் காம்பவுண்ட் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஒரு முறை சரியாக எடுத்துவிட்டு, அதன் பிறகு மெழுகால் காப்பதே முறை. பாலிஷ் போட்ட பகுதியை அன்றே மெழுகிட வேண்டும். ஒரு பக்கச் சுவரை ஒரே நாளில் முடிக்க இயலாதென்றால், முடித்த அளவுக்கு மெழுகிட்டு மறுநாள் தொடருங்கள்.

### நெளி அலுமினியத்தில் பொடி இருந்தால்

நெளிவின் முகட்டில் வண்ணம் மெலிந்திருக்கும். அங்கே இயந்திரத்தை வைத்தால் வெற்று உலோகம் வெளிப்பட்டுவிடும். கையால், கிளீனர் கலந்த மெழுகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் பொலிவு வராவிட்டால் வண்ணம்தான் தீர்வு.

### பொடியில்லாமல், செதில்செதிலாகவோ மேகத்திட்டாகவோ மங்கினால்

கிளியர்கோட் உரிகிறது. நகத்தால் திட்டின் ஓரத்தை வருடினால் படி போன்ற விளிம்பு தட்டுப்படும். இதை எந்தப் பாலிஷாலும் மெழுகாலும் சரிசெய்ய முடியாது. தேய்த்தால் திட்டு பெரிதாகும். நேராக வண்ணப் பட்டறையை அணுகுங்கள்.

## அறிகுறி 3: மெழுகிட்ட பின் திட்டுத்திட்டாகவும் கோடுகோடாகவும் தெரிகிறது

மெழுகைத் தடிப்பாகப் பூசியதே பெரும்பாலான நேரங்களில் காரணம். தடிப்பான மெழுகு கூடுதலாக எதையும் காப்பதில்லை; காய்ந்து இறுகித் துடைப்பதற்குத்தான் மறுக்கிறது. அதே மெழுகை அந்தத் திட்டின் மேல் மெல்லியதாகப் பூசி உடனே துடைத்தால், பழையது இளகி அதனோடு வந்துவிடும். வெயிலில் சூடான சுவரில் பூசியிருந்தாலும் இதே பரிகாரம்தான், ஆனால் சுவர் குளிர்ந்த பிறகு செய்ய வேண்டும்.

துடைக்கும் துணியைத் திருப்பாமல் முழுச் சுவரையும் துடைத்தால் மெழுகு மறுபடி சுவரிலேயே பரவும். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் புதிய முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். துணி ஒட்டுவது போலத் தோன்றினால் அது நிரம்பிவிட்டது. ஈரப்பதம் மிகுந்த நாளில் மெழுகு காய நேரமெடுக்கும்; விரலால் ஒரு கோடு இழுத்து, கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம், வழுக்கிக் கலங்கினால் காத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மங்கல் நீடித்தால் அது மெழுகின் குற்றமன்று. அடியில் ஆக்சிஜனேற்றம் இருக்கிறது. அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 4: தண்ணீர் முத்தாக நிற்கவில்லை

எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெயைப் பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஒவ்வொரு கழுவலிலும் மெழுகைக் கரைத்துக்கொண்டே போகும். வாகன ஷாம்பூவுக்கு மாறுவதே முழுப் பரிகாரமாக அமைந்துவிடுவதுண்டு. அடுத்து, சுவரில் அழுக்குப் படலம் படிந்திருந்தால் மெழுகு இருந்தும் தண்ணீர் பரவும். ஆகவே ஒரு பகுதியை நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்துக்கள் திரும்பினால் மெழுகு நலமாகவே இருக்கிறது. திரும்பாவிட்டால் காப்பு தீர்ந்துவிட்டது. கார்னூபா மெழுகு சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையே தாங்கும். செயற்கைப் பாலிமர் காப்புப் பூச்சு அதைவிட நீண்ட நாள் நிற்கும். வெயிலில் நிறுத்திவைக்கும் டிரெய்லருக்குப் பின்னதையே நான் பரிந்துரைப்பேன்.

## அறிகுறி 5: பளபளப்புப் படலம் மஞ்சளாகித் தோலாக உரிகிறது

தேய்க்கும் வேலையைத் தவிர்ப்பதற்காகத் தரைக்குப் பூசும் அக்ரிலிக் பளபளப்புத் திரவத்தை டிரெய்லரில் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. பூசிய அன்று புதிது போலத் தோன்றும். அழுக்கையோ பொடியையோ முழுவதும் எடுக்காமல் பூசியிருந்தால் வெயிலில் உரியத் தொடங்கும். பழைய டிரெய்லரை வாங்கியவர்கள் இதைக் கிளியர்கோட் உரிவதாக எண்ணிப் பட்டறைக்கு ஓடிவிட வேண்டாம். தரைப் பூச்சை அகற்றும் அம்மோனியா கலந்த திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு மூலையில் ஒற்றி, சில நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். படலம் பிசுபிசுத்துக் கரைந்தால் அது தரைப் பூச்சு. அசையாமலே இருந்தால் கிளியர்கோட்.

தரைப் பூச்சு என்று உறுதிப்பட்டால், கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், அக்ரிலிக் ஜன்னல்களையும் வெற்று அலுமினியச் சட்டங்களையும் மறைத்து, சிறு பகுதிகளாக அகற்றி, உடனுக்குடன் அலச வேண்டும். பல அடுக்குகள் இருந்தால் பல முறை செய்ய நேரும். அடுக்கு ஒன்று எஞ்சியிருக்கும்போது காம்பவுண்ட் போட்டால் அது பசையாக உருண்டு பஃபரின் பேடை அடைத்துவிடும். முழுவதும் போன பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

## அறிகுறி 6: காய்ந்த நீர்த்துளிகளின் வெள்ளை வளையங்கள்

கழுவிய தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் துளி காய்ந்த இடத்தில் தங்கிவிடுகின்றன. புதிய வளையங்கள் ஷாம்பூவிலேயே போய்விடும். போகாதவற்றின் மேல் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்துத் துடைத்து அலசுங்கள். வண்ணமற்ற அலுமினியத்தில் இதைத் தவிர்க்க வேண்டும். அதன் பிறகும் வளையம் குழிவாகத் தெரிந்தால் தாது பூச்சை அரித்துவிட்டது. மெல்லிய பாலிஷ் தேவைப்படும். உலரவிடாமல் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்து முடித்தால் இந்த அறிகுறியே எழாது.

## அறிகுறி 7: மஞ்சள், பழுப்பு, துரு, பூஞ்சைக் கறைகள்

மரத்தடியில் நிறுத்தும் டிரெய்லரில் இலைச்சாறு பழுப்பாக ஊறும். திருகின் தலைக்குக் கீழே செம்பழுப்புக் கோடு இறங்கினால் அது துரு. ஜெல்கோட்டில் இவை இரண்டுக்கும் ஆக்சாலிக் அமிலம் கலந்த கிளீனர் நன்றாக வேலை செய்யும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தயாரிப்பாளர் குறித்த நேரத்துக்கு மேல் விடாமல், தாராளமாக அலச வேண்டும். துருவுக்குக் காரணமான திருகை மாற்றாமல் கறையை மட்டும் எடுப்பது வீண். துருப்பிடிக்காத எஃகுத் திருகைப் போட்டு, அதன் தலையைச் சீலண்டால் மூடுங்கள். திருகு பிடிமானமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே உள்ள மரச்சட்டம் ஊறிப்போயிருக்கக்கூடும். அறிகுறி 11-ஐப் பாருங்கள்.

கரும்புள்ளிகளாகப் பரவும் பூஞ்சைக்கு முதலில் சோப்பும் பிரஷும் போதுமா என்று பாருங்கள். வெளுப்புத் திரவத்தைப் பயன்படுத்துவதாயின் நன்கு நீர்த்துப் பயன்படுத்தி உடனே அலசுங்கள். வினிகர், ஆக்சாலிக் அமிலம், அம்மோனியா ஆகிய எதனோடும், அவை எஞ்சியுள்ள அதே பரப்பிலும்கூட, வெளுப்புத் திரவம் கலக்கக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயுவும் எழும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை.

முன்முகத்தில் ஒட்டிய பூச்சிகளை, ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்துத் துடைத்தால் கீறலின்றி வரும். தாருக்குத் தார் நீக்கி. அது ரப்பர் கூரையிலும் ஜன்னலிலும் படக் கூடாது.

## அறிகுறி 8: வெயிலில் வட்டவட்டக் கீறல்கள்

மணல் ஒட்டிய பிரஷோ, தரையில் விழுந்ததும் உதறிவிட்டுத் தொடர்ந்த துணியோ காரணம். தேய்ப்பதற்கு முன் தண்ணீரால் மணலை ஓடவிட வேண்டும். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, தேய்க்கும் கையுறையை அலசுவதற்கு வேறொரு வாளி வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்ப்பகுதியைக் கடைசியில் கழுவ வேண்டும். இருக்கும் கீறலில் நகம் மாட்டாவிட்டால் பாலிஷால் போகும். மாட்டினால் பூச்சு அறுந்திருக்கிறது. நிறத்துக்கேற்ற ஜெல்கோட் பசையால் நிரப்பலாம், ஆனால் நிறம் பொருத்துவது கைதேர்ந்தவர் வேலை.

## அறிகுறி 9: ஸ்டிக்கர் வெடித்துச் சுருள்கிறது

வெடித்த வினைலை மெழுகு மீட்காது. விரிசலுக்குள் வெள்ளையாகப் புகுந்து தோற்றத்தை மேலும் கெடுக்கும். பாலிஷும் பஃபரும் ஓரங்களைக் கிழிக்கும். நலமாக உள்ள ஸ்டிக்கரைச் சுற்றி நாடா ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். கெட்டதை முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் தாழ்ந்த கோணத்தில் உரித்தெடுங்கள். உலோகப் பிளேடு வேண்டாம். உரித்த பின் அதே வடிவத்தில் அடர்ந்த நிழல் தெரியும். அங்கே மட்டும் வெயில் படாததால் பூச்சு பழைய நிறத்தோடு இருக்கிறது. சுற்றியுள்ள பகுதிக்குப் பாலிஷ் போட்டால் வேறுபாடு குறையும். முழுவதும் மறைய வேண்டுமானால் அதே அளவில் புதிய ஸ்டிக்கர் ஒட்டுவதே நடைமுறை வழி.

## அறிகுறி 10: கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் மெழுகு வெண்மையாக நிற்கிறது

சூடான சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் பெரும்பாலும் போதும். மீறினால் பிளாஸ்டிக் சட்டத்தில் மட்டும் நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அடுத்த முறை நாடா ஒட்டுங்கள்.

## அறிகுறி 11: கழுவிய பின் உள்ளே ஈரம், அல்லது சுவரில் உப்பல்

மற்றவற்றைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

### பிரஷர் வாஷரால் கழுவிய பிறகு மட்டும் ஈரம் வந்தால்

மழை புகாத இடத்திலும் பிரஷர் வாஷரின் நீர் புகும். அதைத் தவிர்ப்பதே உத்தமம். பல கையேடுகளும் அதை விலக்குகின்றன. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நீரழுத்தம் 1,200 முதல் 1,500 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், 40 பாகை அகல முனையோடு, குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சீலண்ட், ஜன்னல் ஓரம், வெளித் துவாரங்கள், ஸ்டிக்கர் ஓரங்கள் ஆகியவற்றின் மேல் அதைக் காட்டவே கூடாது. இனி சாதாரண ஹோஸ் குழாயால் கழுவிப் பாருங்கள். ஈரம் வராவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

### ஹோஸ் நீருக்கும் மழைக்கும் ஈரம் வந்தால்

ஜன்னல் சட்டத்தின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடைத்தால் நீர் சட்டத்தில் தேங்கி உள்ளே வழியும். ஈர்க்குச்சியால் மெல்லக் குத்திவிட்டால் தீர்ந்துவிடும். மெழுகுத் துணுக்குகளே அவற்றை அடைத்திருப்பதும் உண்டு. அடுத்து, ஒருவர் உள்ளே விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வெளியே கீழ்ப்பகுதியில் தொடங்கி மெல்ல மேல்நோக்கி, ஒவ்வொரு பொருத்துக்கும் சில நிமிடம் அழுத்தமில்லாத தண்ணீரை ஓடவிட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே புகுகிறது என்று பிரித்தறியவே முடியாது. மூலைச்சட்டம், பக்க விளக்குகள், கூரை வென்ட்டின் சுற்று, கூரையும் சுவரும் சேரும் விளிம்பு ஆகியவை வழக்கமான வழிகள். இடம் தெரிந்தால் பழைய சீலண்டைச் சுரண்டியெடுத்து, உலர்ந்த சுத்தமான பரப்பில் அந்த இடத்துக்கு உரிய சீலண்டைப் பூசுங்கள். கூரைக்குத் தானே சமனாகப் பரவும் வகை. சுவருக்கு வழியாத வகை. கூரை விரிப்பின் பொருளோடு ஒத்துப்போகும் சீலண்டா என்பதை வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள்.

### சுவர் உப்பியிருந்தால், அழுத்தினால் அமுங்கினால்

மாலையில் சாய்வெயில் சுவரை உரசும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் உப்பல் நிழலாகத் தெரியும். உள்ளங்கையால் அழுத்துகையில் தகடு அமுங்கி மீண்டாலோ, தட்டினால் மற்ற இடங்களைவிட வெறுமையான ஒலி எழுந்தாலோ, வெளித் தகடு அடிப்பலகையிலிருந்து பிரிந்துவிட்டது. அந்த இடத்தில் பஃபரை வைக்காதீர்கள். துளையிட்டுப் பசை செலுத்தும் முயற்சியையும் ஈரத்தின் வழி அடைபடும் முன் செய்யக் கூடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மரத்தை அழுக வைக்கும்.

இங்கே தொழில்முறைப் பணியாளரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊதுவிசிறியால் டிரெய்லருக்குள் மிதமான காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சோப்புநீர் தெளித்துக் குமிழ் எழும் இடங்களைக் குறிக்கும் சோதனையைச் செய்பவரா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஈரமானியால் சுவரின் உள்பக்கத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். உப்பலின் எல்லையைப் பென்சிலால் குறித்துத் தேதியிட்டு, உள்ளே ஈரம் தெரிந்த இடத்தையும் எந்தக் கழுவலுக்கு அல்லது மழைக்குப் பிறகு தெரிந்தது என்பதையும் எழுதிவைத்தால், அவர் தேடும் நேரம் குறையும். பழுது முடியும் வரை அந்தப் பக்கத்துக்கு ஹோஸ் வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.